மோதிரம் போட்டால் வேலை போகும்

ப்ரோக்கன் ஹில்லில் தெருக்களுக்குத் தாதுக்களின் பெயர்கள். ஆர்ஜென்ட், ஆக்சைடு, குளோரைடு, சல்ஃபைடு. கணவரின் வேலைக்காக அங்கே போய் இரண்டு வருடம் குடியிருந்தேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடி. சிட்னியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம். சிட்னியின் கடிகாரத்தைக்கூட அந்த ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை, அரைமணி நேரம் பின்தங்கிய அடிலெய்டு நேரம்தான். வில்யாகலி மக்களின் நிலம் அது. 1883இல் ஆட்டுப் பண்ணை ஒன்றின் எல்லைக் காவலர் சார்லஸ் ராஸ்ப் அங்கே பொறுக்கிய கற்களிலிருந்து வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டும் நகரம் எழுந்தது. பிஎச்பி என்ற பெருநிறுவனத்தின் பெயரில் இருக்கும் ‘பிஎச்’ இந்த ஊர்தான்.

தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட புண்ணிய பூமி. 1919இல் தொடங்கிய வேலைநிறுத்தம் பதினெட்டு மாதம் நீடித்தது. அதன் முடிவில் வாரத்துக்கு 35 மணி நேர வேலை கிடைத்தது, நுரையீரலைத் தின்னும் தூசி நோய்க்கு இழப்பீடும் கிடைத்தது. உலகின் பல இடங்களில் அன்றைக்கு யாரும் கனவு காணாதது. பிறகு சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பேரியர் தொழில் மன்றம் என்ற கூட்டமைப்பானது. தொழிலாளர்களே நடத்திய நாளிதழ், அவர்களே கட்டிய சங்க மாளிகை. ஊரை நடத்தியது முதலாளியா மன்றமா என்று கேட்டால் வயதானவர்கள் தயங்காமல் மன்றம் என்பார்கள். நானும் அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு மயங்கித்தான் இருந்தேன்.

பக்கத்து வீட்டில் இருந்தவருக்கு எண்பது வயதுக்கு மேல். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எனக்கு வாய் வரவில்லை. கடைசிவரை பெயரும் சொல்லாமல், பாட்டி என்றும் சொல்லாமல் சமாளித்தேன். ஒருநாள் என் தையல் மிஷினைப் பார்த்துவிட்டு, தான் துணிக்கடையில் வேலை செய்த கதையைச் சொன்னார். பதினைந்து வயதில் சேர்ந்து, இருபத்தொன்றில் துணிப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொண்டாராம். சனிக்கிழமை கல்யாணம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

“ஏன் விட்டீர்கள்?” என்றேன்.

“விடவில்லை. கல்யாணமானால் வேலை கிடையாது. அதுதான் ஊர் வழக்கம்.”

வழக்கம் இல்லை அது, விதி. பொருளாதார நெருக்கடி காலத்துக்குப் பின்னர் மன்றம் கடைப்பிடித்த விதி. மணமான பெண்கள் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்யக்கூடாது. அந்த இடங்கள் மணமாகாத பெண்களுக்கு. ஆசிரியை, செவிலியர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. காரணமும் நியாயமாகத்தான் ஒலிக்கும்: சுரங்கத்தைத் தவிர வேறு தொழில் இல்லாத ஊர், பெண்களுக்கு வேலை குறைவு, இருப்பதைப் பங்கிட வேண்டும், இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் அடிலெய்டுக்குப் போய்விடுவார்கள். பங்கீடு என்ற சொல்லை யார் எதிர்ப்பார்கள்? ஆனால் பங்கிடப்பட்டது பெண்களின் வேலை மட்டும். நல்ல சம்பளம், ஈயத்தின் விலை ஏறினால் தனி போனஸ் என்று வாங்கிய ஆண்களிடம் யாரும் எதையும் விட்டுத்தரச் சொல்லவில்லை. சுரங்கத்துக்குள்ளும் பெண்ணுக்கு இடமில்லை. ஆணின் சம்பளத்துக்குள் மனைவியின் சோறும் சேலையும் அடக்கம் என்ற கணக்கின் மேல்தான் அந்த அருமையான 35 மணி நேரம் நின்றது. அவள் எத்தனை மணி நேரம் உழைத்தாள் என்று எந்த ஒப்பந்தமும் எழுதவில்லை.

செம்மண் புயல் அடித்தால் வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருக்கும். அந்தத் தூசியில் ஈயமும் கலந்திருக்கும். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கும் சோதனை பின்னாளில் வந்தது. ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளின் கையைக் கழுவிவிடுங்கள் என்ற அறிவுரையும் வந்தது. யார் துடைப்பது, யார் கழுவிவிடுவது என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. 1892 வேலைநிறுத்தத்தில் கருங்காலிகளை வழிமறிக்கத் தெருவில் இறங்கியவர்களில் பெண்களும் இருந்தார்கள், கையில் துடைப்பக் கட்டையோடு. அந்தக் கதையை ஊரே சிரித்துக்கொண்டு சொல்லும். சங்கத்துக்கு நெருக்கடி வந்தபோது பெண் வேண்டியிருந்தாள். சங்கம் ஜெயித்த பிறகு, மோதிரம் மாற்றிய அடுத்த நாளே அவள் கடை வாசலுக்கு வெளியே. கணவன் இறந்தால் தடை விலகும்! அதாவது அவளுக்கு வேலையைத் திருப்பித் தரக்கூடியது சுரங்க விபத்துதான். கழிவு மேட்டின் உச்சியில் 2001இல் திறந்த நினைவகத்தில், சுரங்கத்தில் மாண்ட எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை மரணத்தின் காரணத்தோடு பொறித்திருக்கிறார்கள். பாறை விழுந்து, வெடித்து, தவறி விழுந்து. ஒவ்வொன்றாகப் படித்தபடி நடந்தபோது, அதற்குப் பிறகு எத்தனை பேர் கடைகளில் வேலை கேட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் மனம் எண்ணியது.

ஆஸ்திரேலிய அரசுப் பணியிலேயே மணமான பெண்களுக்கான தடை 1966இல் நீங்கிவிட்டது. ப்ரோக்கன் ஹில்லில் 1981 வரை நீடித்தது. அந்த வருடம் ஒரு பல் மருத்துவ உதவியாளர், கல்யாணத்துக்குப் பிறகும் வேலையை விடமாட்டேன் என்று பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் உதவியை நாடினார். விதி விழுந்தது. தொழிலாளர் உரிமையின் தலைநகரில், ஒரு பெண் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் தொழிற்சங்கத்துக்கு எதிராகச் சட்டத்திடம் போகவேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் அந்தச் சங்கத்தின் வெற்றிகளை நான் சிறுமைப்படுத்துகிறேன் என்று நினைக்கும் தோழர்கள் உண்டு. தூசியில் செத்தவர்களின் இழப்பீடு எனக்கும் பெரிய விஷயம்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடியவேண்டும், அவ்வளவுதான்.

எனக்கும் அங்கே வேலை இல்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. திருச்சியில் கல்லூரி வேலைக்கான ராஜினாமா கடிதத்தை நானே எழுதினேன். விசா தாளில் மட்டும் கணவரைச் சார்ந்தவர் என்று போட்டிருந்தது. இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அப்போது வீட்டுச் செலவுக்குக் கணவரிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள் என்று கேட்டேன். கேட்க வேண்டியதில்லையாம், வியாழக்கிழமைதோறும் மேசை மேல் வைத்துவிடுவாராம், நல்ல மனிதர். கால் உறை வாங்க மட்டும் கூச்சமாக இருக்குமாம்.

விதி போனபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. துணிக்கடை மூடியிருந்தது. ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ரொட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன்.

“ஒன்றும் வாங்கவில்லை. வங்கியில் என் பெயரில் போட்டேன்.”

எவ்வளவு என்று கணவரிடம் அவர் சொல்லவே இல்லையாம்.