ஓடாத பிள்ளையும் இல்ல விளையாட்டுப் போட்டியும்

முதலாந் தவணை தொடங்கிச் சில வாரங்களுக்குள் இலங்கையின் பாடசாலை மைதானங்களில் வெண்கோடுகள் தோன்றிவிடும். நாவலர், விபுலானந்தர் என்றோ, வள்ளுவர், கம்பர் என்றோ, மறைந்த அதிபர்களின் பெயராலோ வழங்கும் இல்லங்களுக்குச் சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் கொடிகள் உயரும். பாண்ட் வாத்தியம், அணிநடை, உறுதிமொழி, கிண்ணங்கள் அடுக்கிய மேசை என ஊரே கூடும் அவ்விழாவைக் குறைகூறுவோர் அரியர். ஆயினும் ஓடவும் பாயவும் வல்லவரல்லாத பிள்ளைகளுக்கு அந்நாள் எதனைத் தருகின்றது என்ற வினா எழுப்பப்படுவதில்லை. பெரும்பான்மையினர் அப்பிள்ளைகளே. இல்லங்கள் நான்கு, இல்லத்துக்கு இருவர் எனின், இறுதி ஓட்டத்தில் எண்மர். ஏனையோர் கொட்டிலுக்குள் இருந்து கைதட்டுகின்றனர்.

இவ்வழக்கத்தின் பிறப்பிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில விடுதிப் பாடசாலைகள். 1828 முதல் 1842 வரை றக்பிப் பாடசாலையின் அதிபராயிருந்த தோமஸ் ஆர்னல்டே மைதானக் கல்வியின் தந்தை எனக் கருதுவோர் பலர். உண்மையில் அவருடைய நாட்டம் சமயத்திலும் ஒழுக்கத்திலுமே இருந்தது. விளையாட்டோடு அவர் பெயர் இணைந்தமைக்கு, அவருடைய மாணவர் தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட நாவலே பெரிதும் காரணம் எனலாம். அங்கே ‘இல்லம்’ என்பது மாணவர் உண்டு உறங்கிய வீடு. ஓடத் தெரியாதவனுக்கும் அங்கே படுக்கையும் பந்தியும் இருந்தன. பெரும்பாலும் மிஷனரிமாரின் கல்லூரிகள் வழியாக இங்கு வந்தடைந்த இல்லமோ, பகற் பாடசாலைகளிற் கூரையற்றதாயிற்று. போட்டிக்கு முன்னர் ஓலைக் கொட்டிலாக எழுந்து, போட்டி முடிந்த மறுநாட் காலையிற் பிரிக்கப்படுகின்றது. புள்ளி சேர்க்காத பிள்ளைக்கு அதில் எஞ்சுவது ஒரு நிறம் மாத்திரமே.

‘விளையாட்டில் ஆர்வமற்ற பிள்ளை’ என்ற பட்டமும் ஆராயத்தக்கது. பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு வயதுக்குட்பட்டோர் என ஈராண்டுப் பிரிவுகள் வகுக்கப்படும்போது, ஒரே கோட்டில் நிற்கும் இருவரிடையே ஏறக்குறைய இரண்டாண்டு வேறுபாடு இருத்தல் கூடும். வளரும் பருவத்தில் இரண்டாண்டு என்பது அரைச்சாண் உயரமும் அதற்கேற்ற தசைவலுவுமாகும். பிந்திப் பிறந்த சிறுவன் பல வேளைகளில் நாட்காட்டியிடமே தோற்கின்றான். இளையோர் அணிகளில், தெரிவாண்டின் முற்பகுதியிற் பிறந்தோர் மிகுதியாக இடம்பெறுவதை 1980களிலிருந்து பல நாட்டு ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. அன்று பின்தங்கியவன் பயிற்சிக்கு அழைக்கப்படுவதில்லை. அழைக்கப்படாமையால் மேலும் பின்தங்குகின்றான். ஈற்றில் அவனுக்கு ஆர்வமில்லை என்று ஆசிரியர் கூறுகின்றனர், அவனும் நம்புகின்றான்.

ஓடாத பிள்ளைக்கு வேறு பணி உண்டே என்பர் சிலர். இல்லத்தை அலங்கரிக்கலாம், கடதாசிப் பூ ஒட்டலாம், தேசிக்காய் கரைக்கலாம். இவை இழிவான பணிகளல்ல. அலங்காரத்துக்குப் பரிசும் உண்டு. ஆயினும் உனக்குக் கையுண்டு, காலில்லை என்று பத்து வயதிற் சொல்லிவிடுவது ஆறுதலாகாது. அப்பிள்ளை தன் உடலை ஒளித்துவைக்கப் பழகிவிடுகின்றது. பெண்பிள்ளைகளிடத்து இது பின்னும் விரைவாக நிகழ்கின்றது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிமுறை கூறுகின்றது. அந்த அறுபது நிமிடம் ஓட்ட வீரருக்கு மட்டும் உரியதன்று.

அவ்வாறாயின் போட்டியையே நிறுத்திவிடலாமா? அது அநீதியாகும். வகுப்பில் முப்பத்தெட்டாம் பிள்ளையாக வருபவன் தோளிலே தூக்கப்படும் நாள் ஆண்டில் அது ஒன்றுதான். பரீட்சைத் தாள்களால் ஆளப்படும் ஒரு சமூகத்தில் அவனிடமிருந்து அதனையும் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது: கணக்குத் தெரியாத பிள்ளை பெற்றோர் முன்னிலையில், ஒலிபெருக்கி முழங்க, கணக்குச் செய்யுமாறு பணிக்கப்படுவதில்லை.

உயரம் பாய்தலை நோக்குக. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே தங்கம் வென்ற துறை அது. தொடர்ந்து மூன்று முறை தவறியோர் விலகவேண்டும் என்பதே அதன் விதி. முதலிடம் பெறுபவரும் வழக்கமாகக் கோலைத் தட்டிவிட்டே வெளியேறுகின்றார். அங்கே ஒவ்வொருவருக்கும் தாம் தாண்டிய ஓர் அளவு எஞ்சுகின்றது. விளையாட்டுப் போட்டிக்கு முந்திய வாரங்களில், குறித்த தூரத்தையோ உயரத்தையோ நேரத்தையோ எட்டிய பிள்ளைகள் அனைவருக்கும் இல்லத்தின் கணக்கிற் புள்ளி வழங்கும் பாடசாலைகள் உண்டு. அம்முறையில் மெல்ல ஓடும் பிள்ளையின் ஒரு புள்ளியும் இல்லத்துக்கு வேண்டியதாகின்றது. அவனை மைதானத்துக்கு அழைத்துவர இல்லத் தலைவனே வீட்டுப் படலை வரை வருவான்.

இத்தகைய புள்ளியைப் பல பாடசாலைகள் சில்லறை என ஒதுக்கிவிடுகின்றன. இறுதி நாளில் முதல் மூவரின் பெயர் பதியப்பட்டதும் நேரம் குறிப்போர் கடிகாரத்தை நிறுத்திவிடுகின்றனர். 1500 மீற்றர் ஓட்டத்தில் எட்டாமவன் கோட்டைக் கடக்கும்போது அடுத்த நிகழ்ச்சிக்கான அறிவித்தல் தொடங்கிவிடுகின்றது. அவனுடைய நேரம் எந்தக் கொப்பியிலும் இல்லை. அது எழுதப்பட்டிருந்தால், அடுத்த ஆண்டு அவன் முந்துவதற்கு ஒருவர் இருந்திருப்பார்: சென்ற ஆண்டின் அவனே.