பொதிகைக்குப் போகும் வழி

பொதிகை மலை நம்முடையது என்பது திருநெல்வேலிக்காரர்களின் பிறப்புரிமை. குறுக்குத்துறையில் முழுக்குப் போடும் போதெல்லாம் அம்மலைத் தண்ணீர்தானே தலையை நனைக்கிறது! ஆனால் அதன் உச்சிக்குப் போகலாமென்று நானும் என் மகளும் பிரயாணத் திட்டம் போட உட்கார்ந்தபோது, மலைக்கு முதுகைக் காட்டிக் கொண்டுதான் புறப்பட வேண்டும் என்று தெரிய வந்தது.

அகத்தியர்கூடம் என்னும் அச்சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். தாமிரபரணி பிறப்பது கிழக்குச் சரிவில். உச்சி இருப்பதோ கேரள எல்லைக்குள். நம் பக்கத்தில் பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம் என்று வழி போகத்தான் செய்கிறது. முன்னாளில் யாத்திரிகர்கள் அவ்வழியே ஏறியதும் உண்டு. ஆனால் 1988 முதல் அது புலிகள் காப்பகம். புலியிடம் வழிவிடும்படி விண்ணப்பம் போடுவது நியாயமல்ல. ஆகவே, நாகர்கோவிலைச் சுற்றித் திருவனந்தபுரத்துக்கு ரயில்; அங்கிருந்து விதுரா வழியாகப் போணக்காடு. அப்புறம் கால்நடைதான். முதல் நாள் இரவு அதிருமலை முகாமில் தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏறி, மூன்றாம் நாள் கீழே இறங்க வேண்டும். பொங்கலை ஒட்டிக் கேரள வனத்துறையார் அனுமதிச் சீட்டு வழங்கத் தொடங்குவார்கள்.

சில வருஷங்களுக்கு முன் இத்திட்டத்தில் என் மகளுக்கு இடம் இருந்திராது. பெண்கள் ஏறக் கூடாது என்ற தடையை நீக்கிக் கேரள உயர்நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் முதற் பெண்மணி உச்சியை அடைந்தார். அகத்தியரைக் குலதெய்வமாக வணங்கும் காணி மக்கள் அதை ஆட்சேபித்தார்கள். அம்மலையையே வீடாகக் கொண்டவர்களின் மன வருத்தத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னபோது மகள், "அப்பா, அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்தவர்களெல்லாம் யார்?" என்று கேட்டாள்.

பதில் சொல்லத் தெரியாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆச்சி பேத்தியைக் கண்டிப்பாள் என்பது என் எண்ணம். அவளோ வெற்றிலையை மடித்தபடியே, "அகத்தியருக்கு லோபாமுத்திரை என்று ஒருத்தி இருந்தாளே, அவள் எங்கே குடித்தனம் செய்தாளாம்? கூட்டிக் கொண்டு போடா. என் காலத்தில் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை" என்றாள்.

உடனே உள்ளே போய்க் கற்பூரப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தாள். பூஜைச் சாமான்கள் கொண்டுபோக அனுமதியில்லை என்று விளக்கினேன். சற்று யோசித்து, "அப்படியானால் அவள் கண்ணால் பார்த்து வந்து எனக்குச் சொல்லட்டும்" என்று பொட்டலத்தைத் திரும்ப வைத்து விட்டாள்.

இனி வைத்தியர் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. மகளுக்குக் கிடைத்துவிடும். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் எனக்குத்தான் சந்தேகம்.