உயர்ந்த டிரக்கின் அச்சுக் கணக்கு

கனடாவின் மேற்கிலுள்ள ஆல்பர்ட்டா மாகாணத்தில் குடியேறும் தமிழர், கால்கரி, எட்மன்டன் போன்ற நகரங்களில் சில காலம் கார் ஓட்டிப் பழகிய பின், பனிக்காலச் சாலைகளையும் வேலைத்தலங்களின் மண்பாதைகளையும் கருதிப் பிக்கப் டிரக் ஒன்றை வாங்க முற்படுவது இயல்பானது. ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை டிரக்குகள் பல்லாண்டுகளாக அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாகி வருவதால், பழைய வாகனச் சந்தையில் டிரக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் பல, முந்தைய உரிமையாளரால் சஸ்பென்ஷன் உயர்த்தப்பட்டு, தொழிற்சாலை பொருத்திய அளவைவிடப் பெரிய டயர்கள் மாட்டப்பட்டவை. வாங்குபவர் ஓடிய கிலோமீட்டரைக் கேட்பார், அடிப்பாகத்தில் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார், விபத்து வரலாற்றையும் விசாரிப்பார். ஆனால் அச்சின் கியர் விகிதம் என்ன, பெரிய டயர் போட்டபோது அதுவும் மாற்றப்பட்டதா என்ற கேள்வியை அவர் கேட்பதில்லை. அந்த வாகனம் மலைச்சாலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை முடிவு செய்வதோ அந்தக் கேள்விக்கான விடைதான்.

எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸ் வழியாகவும் நீண்ட உருளைத் தண்டின் வழியாகவும் வந்து, அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பெட்டியில் செங்கோணத்தில் திரும்பிச் சக்கரங்களைச் சேர்கிறது. அப்பெட்டியினுள் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் பினியன் எனப்படும். அது கடித்துச் சுழற்றும் பெரிய வளையப் பற்சக்கரம் கிரவுன் வீல் எனப்படும். கிரவுனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருந்தால், 41ஐ 11ஆல் வகுத்து வரும் 3.73 அந்த அச்சின் விகிதமாகும். அதாவது சக்கரம் ஒருமுறை சுழலத் தண்டு 3.73 முறை சுழல வேண்டும். அதே 41 பற்களுக்குப் பினியனில் 10 பற்கள் என்றால் 4.10, 9 பற்கள் என்றால் 4.56. எண் பெருகப் பெருகச் சக்கரத்தில் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். அதற்கு ஈடாக, ஒரே வேகத்தில் செல்ல எஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கும்.

பெரிய டயர் மாட்டுவதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவது பொருந்தாது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் வாகனத்தின் உடல்தான் உயரும்; திண்மையான அச்சுக்கூட்டின் அடிப்பகுதி தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வல்லது டயர் மட்டுமே, அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதியை மட்டுமே அது தரும். ராக்கி மலையடிவாரத்தில் மரம் வெட்டுவோர் பயன்படுத்தும் பாதைகளிலும், வசந்தத்தில் பனி உருகிச் சேறாகும் பண்ணைச் சாலைகளிலும் செல்வோருக்கு இப்படிக் கிடைக்கும் சில சென்டிமீட்டர் உயரம் பயனுள்ளதே. ஆனால் அந்த உயரத்தைப் பெறுவதற்காகச் செய்யும் மாற்றம், கேட்காமலேயே அச்சின் விகிதத்தையும் மாற்றிவிடுகிறது.

இதற்கான கணக்கு எளியது. தொழிற்சாலை பொருத்திய 265/70ஆர்17 டயரை எடுத்துக்கொண்டால், அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, விளிம்பின் விட்டம் 17 அங்குலம். மொத்த விட்டம் ஏறத்தாழ 31.6 அங்குலம் ஆகும். அதன் இடத்தில் 35 அங்குல டயர் வரும்போது, ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 11 விழுக்காடு கூடுகிறது, எனவே 3.73 விகிதமுள்ள அச்சு, நடைமுறையில் 3.37 விகிதமுள்ள அச்சைப் போல நடந்துகொள்ளும். வேகமானி திருத்தப்படாவிட்டால், அது 110 கி.மீ. காட்டும்போது வாகனம் உண்மையில் 122 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதைவிடக் கவலைக்குரியது இழுவைத் திறன். ஒரே எஞ்சினைக் கொண்ட டிரக்குக்கும் அச்சு விகிதத்துக்கேற்ப வெவ்வேறு இழுவை எடையை உற்பத்தியாளர்கள் குறிப்பதால், பெரிய டயர் போட்டு விகிதத்தை மாற்றாத வாகனத்துக்குக் கையேட்டில் அச்சிடப்பட்ட எண் பொருந்தாது; அந்த எண்ணை நம்பி இழுவண்டியைப் பூட்டுபவர் தம் குடும்பத்தையும் பின்னால் வருபவரையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.

பழைய நிலைக்குத் திரும்ப என்ன விகிதம் வேண்டும் என்பதை, 3.73ஐப் புதிய விட்டத்தால் பெருக்கிப் பழைய விட்டத்தால் வகுத்து அறியலாம், விடை 4.13, அதற்கு மிக அருகில் சந்தையில் கிடைப்பது 4.10. பலர் கணக்கை இங்கேயே முடித்துவிடுகின்றனர். ஆனால் இந்த விடை, டயரின் விட்டத்தை மட்டுமே ஈடு செய்கிறது. ஒவ்வொரு டயரிலும் கூடிய எடையையும், அந்த எடை அச்சிலிருந்து தொலைவில் இருப்பதால் அதைச் சுழற்றத் தேவைப்படும் கூடுதல் விசையையும், உயர்ந்த உடல் எதிர்கொள்ளும் காற்றின் தடையையும் அது கணக்கில் கொள்வதில்லை. இவற்றோடு நிலத்தின் உயரத்தையும் சேர்க்க வேண்டும்: கால்கரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது, அங்கிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலை கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் 1,600 மீட்டரைத் தாண்டுகிறது, டர்போ இல்லாத எஞ்சினோ ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் தன் ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. ஆகவே மலையேறுவோருக்கும் சுமை இழுப்போருக்கும், கணக்கில் வரும் விடையைவிட ஒருபடி மேலான 4.56 விகிதமே தக்கது. உற்பத்தியாளர்களின் நடைமுறையும் இதையே உணர்த்துகிறது: 33 அங்குல டயருடன் 4.10 விகிதம் கொண்டிருந்த ஜீப் ராங்லர் ரூபிகானுக்கு, 2021இல் 35 அங்குல டயர்த் தொகுப்பு வழங்கப்பட்டபோது, விட்டக் கணக்குப்படி 4.35 போதுமாயிருந்தும் 4.56 பொருத்தப்பட்டது.

நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறும் என்ற அச்சம் பெரும்பாலும் மிகையானது. உச்ச கியரின் விகிதம் 0.70 ஆக உள்ள பழைய நான்கு கியர் தானியங்கி வாகனத்தில், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை பழைய டயரோடு ஏறத்தாழ 1,900. பெரிய டயரோடு 3.73 என்றால் 1,715, 4.10 என்றால் 1,885, 4.56 என்றால் 2,095. 1,715 சுற்றில் எஞ்சினுக்குப் போதிய இழுவை இல்லாததால், எதிர்க்காற்று வீசும் சமவெளியில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் இடையே மாறி மாறி அலைந்து சூடேறுகிறது. எரிபொருள் மிச்சமாகும் என்று நம்பி விகிதத்தை மாற்றாமல் விட்டவருக்குக் கியர்பாக்ஸ் பழுதே மிஞ்சக்கூடும். அண்மைக்காலப் பத்து கியர் டிரக்குகளில் முதல் கியரே 4.70 என்ற அளவில் வலுவாக இருப்பதால் இக்குறை ஓரளவு மறைக்கப்படுகிறது, அவற்றில் 4.10 பெரும்பாலும் போதும். விகிதத்தை மட்டுமீறி உயர்த்துவதும் நல்லதன்று: எண் கூடக்கூடப் பினியன் சிறுத்து, ஒரே நேரத்தில் பற்கள் பொருந்தும் பரப்பு குறைந்து, அதன் வலிமையும் குறைகிறது.

நான்கு சக்கர இயக்கமுள்ள வாகனத்தில் முன்னச்சு, பின்னச்சு இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி, உறுதியான தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து உறுப்புகள் உடையும். செலவு சில ஆயிரம் டாலர். அதில் பெரும்பகுதி வேலைக்கான கூலி. பினியன் எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும் என்பதைத் தாள் போன்ற உலோகத் தகடுகளை வைத்துச் சரிசெய்து, பற்களுக்கிடையிலான தளர்வை அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்ற அளவில் அளந்து, பற்களில் வண்ணப்பசை தடவிச் சுழற்றி அவை பொருந்தும் தடத்தைப் பார்த்தே தேர்ந்த மெக்கானிக் பெட்டியை மூடுவார். புதிய பற்கள் பழகும்வரை, முதல் 800 கி.மீ. தூரத்துக்குச் சுமை இழுக்காமல் ஓட்டி, பின்பு எண்ணெயை மாற்றுவது முறை. எண்ணெயும் ஊருக்கேற்றதாக இருக்க வேண்டும்: வெப்ப நாட்டுப் பட்டறைகளில் பழகியவர்க்குத் தோன்றாத கேள்வி இது, ஆயினும் 75டபிள்யூ தரமுள்ள எண்ணெயே −40 பாகைக் குளிரிலும் உறையாது ஓடும்.

பழைய டிரக் வாங்குவோர் விற்பவரின் சொல்லை மட்டும் நம்பத் தேவையில்லை. ஃபோர்டில் ஓட்டுநர் கதவு நிலையிலுள்ள ஒட்டுச்சீட்டில் அச்சுக் குறியீடும், ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் 3.73க்கு ஜிடி4, 4.10க்கு ஜிடி5 என்ற குறியீடுகளும் தொழிற்சாலை விகிதத்தைச் சொல்லும். பின்னர் மாற்றப்பட்டிருந்தால், வழுக்கல் தடுப்பு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலில், கியர்பாக்ஸை நடுநிலையில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி இருமுறை முழுதாகச் சுழற்றி, தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணினாலே விகிதம் தெரிந்துவிடும். நான்கு முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும் அச்சின் மேல் 35 அங்குல டயர் நிற்குமானால், இரு அச்சுகளையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள், விற்பவர் இணங்காவிட்டால் அந்த டிரக்கை விட்டுவிடுங்கள்.