கரையும் கறையும்

மென்பொருள் வந்த பிறகு மெய்ப்புத் திருத்துநர் எதற்கு என்னும் கேள்வி இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் எனக்கு இது வெறும் விவாதம் அல்ல, சோற்றுக் கணக்கு. ஆகவே சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது.

முதலில் கருவிக்குரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். தமிழுக்குப் பிழைதிருத்தி உருவாக்குவது எளிய காரியமன்று. 'வா' என்னும் ஒரு வினையடி 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்று நீளும். இத்தகைய வடிவங்களையெல்லாம் பட்டியலிட்டு மாளாது. சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்தறியும் இலக்கணத்தையே நிரலுக்குப் புகட்டியாக வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' எழுத்துப்பிழை திருத்தியையும் 'நாவி' சந்திப்பிழை திருத்தியையும் நானும் பயன்படுத்துகிறேன். முந்நூறு பக்க நாவலில் இருநூறாம் பக்கத்தைத் தாண்டினால் என் கண் சோர்ந்துவிடும், கருவிக்குச் சோர்வில்லை. ஓரிடத்தில் 'சுப்பையா' என்றும் வேறோரிடத்தில் 'சுப்பய்யா' என்றும் வந்திருப்பதை முன்பெல்லாம் துண்டுத்தாளில் குறித்துவைத்துத் தேடுவேன். இன்று நொடியில் கிடைக்கிறது.

சிக்கல், பிழையில்லாத சொல் பிழையான இடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான். 'தந்த பலகை' என்றால் கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. இரண்டும் இலக்கணப்படி சரி.

எங்கள் ஊர் தறி ஊர். நெசவாளர் குடும்பத்துக் கதை ஒன்றில் 'சேலையோரத்தில் சிவப்புக் கறை தெரிந்தது' என்று ஒரு வரி வந்தது. கரை நெய்வது; கறை படிவது. இரண்டும் அகராதியில் உள்ளவை. சூழலைக் கொண்டு ஊகிக்கும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று 'கரை' என்று திருத்தச் சொன்னது. நியாயமான ஊகம்தான். ஆனால் நான்கு பக்கங்களுக்கு முன்பு அதே சேலைக்குப் பச்சைக் கரை என்று எழுதப்பட்டிருந்தது. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "கறைதான் ஐயா, ரத்தம்" என்றார். கதையின் உயிரே அந்த ஓர் எழுத்தில்தான் இருந்தது.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோ என்பதோடு இல் சேர்ந்தால் நன்னூல் விதிப்படி 'கோவில்'. நீண்டகால வழக்கில் 'கோயில்'. இரண்டையும் ஏற்கிறோம். ஒரு பதிப்பகம் 'கோயில்' என்பதே தன் நடை என்று முடிவுசெய்து, எல்லா இடத்திலும் மாற்றும்படி கணினிக்கு ஆணையிட்டால், எங்கள் ஊர் 'சங்கரன்கோயில்' ஆகிவிடும். 2019இல் தென்காசி மாவட்டம் உருவானது. அதில்தான் இன்று நாங்கள் இருக்கிறோம். ஆனால் 1975இல் நடக்கும் கதையில் இந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாக வேண்டும்.

வட்டார வழக்கு இன்னும் நுட்பமானது. ஆசிரியர் கூற்றில் 'கண்மாய்' என்றிருக்கலாம். சம்சாரியின் பேச்சில் அது 'கம்மாய்'தான். 'வெஞ்சனம்' என்று பாட்டி சொன்னால் அதைத் தொடுகறி என்று மாற்றக் கூடாது. 'பையப் போ' என்பதிலுள்ள 'பைய' திருக்குறளில் இருக்கும் சொல். இன்றும் எங்கள் தெருவில் புழங்குவது. கரிசல் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுத்தார். அத்தகைய சொற்களின் கீழே சிவப்புக் கோடு விழும்போது, அது பிழையா வழக்கா என்று தீர்மானிக்க, அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காது வேண்டும்.

எங்கள் ஊர்ச் சங்கரநாராயணர் ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். மனிதனும் கருவியும் அப்படிச் சரிபாதி என்று எழுதிவிட ஆசைதான். உண்மை அதுவன்று. புத்தகத்தில் பிழை இருந்தால் வாசகர் கடிதம் என்னைத் தேடித்தான் வருகிறது. உழைப்பைப் பங்கிட்டுக்கொள்ளலாம், பொறுப்பைப் பங்கிட முடிவதில்லை.

அண்மையில் பதிப்பாளர் ஒருவர், மென்பொருள்தான் பாதி வேலையைப் பார்த்துவிடுகிறதே, பக்கக் கூலியையும் பாதியாக்கலாமா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, காகித விலையும் அச்சுக் கூலியும் அவரை அப்படிக் கேட்க வைக்கின்றன. நான் சொன்ன பதில் இதுதான்: கருவி மிச்சப்படுத்தித் தரும் நேரம் இரண்டாம் வாசிப்புக்கு உரியது. கூலியைப் பாதியாக்கினால் நான் கோடு விழுந்த இடங்களை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போக நேரும். நான்கு பக்கம் பின்னே புரட்டி அந்தச் சேலையின் நிறத்தைப் பார்க்க எனக்குப் பொழுதிருக்காது. அப்போது உங்கள் புத்தகத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இராது, ரத்தமும் இராது.