புள்ளியும் வாசிப்பும்

ஆங்கில இலக்கணத்தை எமது பிள்ளைகளுக்குப் புகட்டுதல் எத்துணை கடினமென்பதை, கல்லூரியிற் பல்லாண்டு கற்பித்த நாம் நன்கறிவோம். 'ஏ', 'த' என்னும் இரு சிறு சொற்கள் அவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமன்று. எங்கே எதனை இடுவது என்று தெரியாமல், சிலர் இரண்டையுமே விட்டுவிடுவர்.

ஆதலால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பயிற்சிகளைக் கண்டபோது பெருமகிழ்வெய்தினோம். பிரிட்டிஷ் கவுன்சிலின் தளத்திலே தொடக்கநிலை முதல் உயர்நிலை வரை இலக்கண விளக்கங்களும் பயிற்சிகளும் உள. விடை சரியோ பிழையோ என்பது உடனே தெரிந்துவிடும். கொப்பி திருத்தும் சுமை குறைந்ததென்று உள்ளூர மகிழ்ந்ததையும் மறைப்பதற்கில்லை.

எம்மிடம் பத்தாந் தரத்திற் பயின்ற மாணவன் ஒருவன் இப்பயிற்சிகளில் இருபதுக்கு இருபது புள்ளி பெறுவான். ஒருநாள் அவனுடைய தாயார் ஆங்கிலக் கடிதமொன்றுடன் எமது வீட்டுக்கு வந்தார்.

"இவன் இங்கிலீசிலே கெட்டிக்காரன் எண்டு சொல்லுறியள், சேர். இதை வாசிச்சுச் சொல்லடா எண்டால் முழிக்கிறான்" என்றார்.

கடிதம் பத்து வரிக்கு மேற்பட்டதன்று. அடைவு வைத்த நகையை மீட்பதற்கு வங்கி விதித்த இறுதி நாள் அதில் இருந்தது. எஞ்சியிருந்தவை நான்கே நாட்கள்.

பையன் தலைகுனிந்து நின்றான். அருகழைத்து வாசிக்கச் சொன்னோம். சொற்களிற் பெரும்பாலானவை அவனுக்குத் தெரிந்தே இருந்தன. எனினும் வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிட்டான். ஒற்றை வரியிலுள்ள வெற்றிடத்தை நிரப்பியவனேயன்றி, பத்து வரியைத் தொடர்ந்து வாசித்தவனல்லன். அவ்வாறு பழக்கியவர் நாமே.

அதன்பின் வாசிப்பைத் தொடங்கினோம். அதிலும் முதலிற் பிழைவிட்டோம். மைக்கேல் ஹார்ட் என்னும் அமெரிக்கர் 1971ஆம் ஆண்டில் தொடங்கிய குட்டன்பேர்க் மின்னூலகத்தில், 70,000க்கு மேற்பட்ட நூல்கள் இலவசமாக உள. அவற்றுள் லாம்ப் உடன்பிறந்தோரின் சேக்ஸ்பியர் கதைகளைத் தெரிந்து கொடுத்தோம். அது 1807ஆம் ஆண்டு நூல், வாக்கியங்களோ நெடியவை. இரண்டு வாரத்தில் அவன் இரண்டு பக்கமும் கடக்கவில்லை. ஆசிரியருக்குப் பிடித்த நூல் மாணவனுக்கு ஏற்ற நூலாகிவிடாது என்பது அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது.

பின்னர் ஈசாப் கதைகளைக் கொடுத்தோம். லிப்ரிவொக்ஸ் என்னும் தளத்தில் 2005ஆம் ஆண்டு முதலாகத் தொண்டர்கள் பழைய நூல்களை வாசித்துப் பதிவு செய்து வருகின்றனர். வாசிப்போர் பல நாட்டவராதலின் உச்சரிப்பு ஒன்றுபோல் இராது. தெளிவான குரலொன்றை நாமே தேர்ந்து கொடுத்தோம். அவன் கதையை முதலிற் கேட்பான். பின்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பான். முடிவிலே தங்கைக்கு உரத்து வாசித்துக் காட்டுவான். சில மாதங்களின் பின், பி.பி.சி.யின் ஆறு நிமிட உரையாடல்களுக்கு மாறினான். அவற்றுக்கும் எழுத்து வடிவம் கிடைக்கிறது. இணையச் செலவுக்கு அஞ்சும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம்: கதைகளின் எழுத்துக் கோப்புகள் மிகச் சிறியவை. ஒருமுறை இறக்கி வைத்தால் இணையமின்றியே வாசிக்கலாம்.

ஒருநாள் அவன் கேட்டான்: "சேர், நரி முதல் வரும்போது 'ஏ' போடுகினம், பிறகு 'த' போடுகினம். ஏன்?"

இருபதுக்கு இருபது பெற்ற காலத்தில் அவன் கேளாத கேள்வி அது. நாமும் தமிழிலே 'ஒரு நரி' என்று தொடங்கிப் பின்பு 'அந்த நரி' என்கிறோமல்லவா என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தவன், கதையின் மேற்பகுதிக்குச் சென்று, காகத்துக்கும் அப்படியே இருக்கிறதா என்று தேடத் தொடங்கினான்.

நகை உரிய நாளில் மீட்கப்பட்டது. வீட்டுக்கு வரும் கடிதங்களை இப்பொழுது அவனே வாசிக்கிறான். சட்டச் சொல் ஏதும் குறுக்கிட்டால் மாத்திரம் எம்மிடம் ஓடி வருகிறான்.