35 டாலர் கோடு

பொடி வகைகளும் ஊறுகாயும் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்கு லோகோ வரைந்து தர 8,000 ரூபாய் கேட்டிருந்தேன். பதிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புப் பின்னணியில் நைக்கியின் வளைகோடு. அதை வரைந்த மாணவிக்குக் கிடைத்தது 35 டாலர்தான் என்று கீழே ஒரு வரி. பின்னாலேயே போன் வந்தது.

“ஏன் தம்பி, அவ்வளவு பெரிய கம்பெனியே முப்பத்தஞ்சு டாலர்தான் குடுத்திருக்கான். நீ எட்டாயிரம் கேக்கியே?”

என்னிடம் பதில் இல்லை. டிசைன் படிக்கும் எங்கள் வகுப்பிலும் இதே படம் சுற்றிக்கொண்டிருந்தது, வேறு பொருளில். வரைகிறவர்களின் உழைப்பைக் கம்பெனிகள் எப்படிச் சுரண்டுகின்றன என்பதற்கு அது எங்களுக்குச் சான்று. அண்ணாச்சிக்கோ அது மார்க்கெட் விலை. ஒரே படம் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது என்றால், உண்மையில் நடந்தது என்ன? அந்தக் கோடு பிறந்த இடத்தைத் தேடிப் போனேன்.

இடம், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகம். பத்திரிகைத் துறை படிக்க வந்து, இடையில் கிராஃபிக் டிசைனுக்கு மாறியவர் கரோலின் டேவிட்சன். ஆயில் பெயின்டிங் வகுப்புக்குப் பொருள் வாங்கக் கையில் காசில்லை என்று அவர் பேசிக்கொண்டிருந்தது, அங்கே கணக்கியல் கற்பித்துக்கொண்டிருந்த பில் நைட்டின் காதில் விழுந்தது. நைட்டுக்குக் கூடவே ஒரு தொழிலும் இருந்தது. 1964-இல் தன் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மனோடு சேர்ந்து, ஆளுக்கு 500 டாலர் போட்டுத் தொடங்கிய, பின்னாளில் நைக்கியான புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ். ஜப்பானிலிருந்து ஒனிட்சுகா டைகர் காலணிகளை வரவழைத்து விற்பதுதான் வேலை. ஜப்பானியர்களுடனான கூட்டங்களில் காட்ட வரைபடங்கள் தேவைப்பட்டன. மணிக்கு 2 டாலர் கூலி பேசி டேவிட்சனை அமர்த்திக்கொண்டார் நைட். அன்று அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1.60 டாலர்.

1971-இல் அந்த ஜப்பானிய உறவு கசக்கத் தொடங்கியது. சொந்தமாகக் காலணி தயாரிப்பதைத் தவிர நைட்டுக்கு வேறு வழி தெரியவில்லை. மெக்சிகோவின் குவாதலஹாராவில் தொழிற்சாலை பேசியாயிற்று. காலணியின் பக்கவாட்டில் போட ஒரு பட்டை வேண்டும், அதில் வேகம் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான் டேவிட்சனுக்கு அவர் சொன்னது.

அந்தப் ‘பட்டை’ என்ற சொல்லில்தான் நான் வெகுநேரம் நின்றேன். இன்று அதை லோகோ என்கிறோம். அன்று அது காலணியின் ஓர் உறுப்பு. அடிடாஸின் மூன்று பட்டைகளும் முதலில் அலங்காரம் இல்லை, ஓடும்போது பாதம் பிதுங்காமல் இழுத்துப் பிடிக்கும் தோல் வார்கள். பிடிமானத்துக்காகத் தைத்ததே தூரத்திலிருந்து பார்க்கும்போது கம்பெனியின் முகமாகிவிட்டது. ஆகவே டேவிட்சன் வெற்றுத் தாளில் வரையவில்லை. காலணியின் படத்தை மேசையில் வைத்து, அதன்மேல் மெல்லிய டிஷ்யூ தாளைப் பரப்பி வரைந்தார்.

நானும் செய்து பார்த்தேன். என் பழைய ஷூவைப் பக்கவாட்டில் படமெடுத்து, அச்செடுத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டேன். பென்சிலை எங்கே வைத்தாலும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. மேலே கயிற்று ஓட்டைகள், முன்னால் விரல் மடங்கும் இடத்துச் சுருக்கம், பின்னால் குதிகாலின் தையல். மூன்றுக்கும் நடுவே மிஞ்சியது வாழைப்பூ மடல் போன்ற சிறிய இடம். குதிகாலின் மேலிருந்து இறங்கி வரும் கோடு விரல்பக்கம் தாழ்ந்து திரும்பினால்தான் அங்கே அடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் பதினொரு கோடு போட்டேன். நான்காவது கோட்டிலிருந்தே என் கை அந்த வளைவுக்கு அருகில்தான் சுற்றியது.

அப்படியானால் வெற்றித் தேவதையின் இறகு? ‘நைக்கி என்ற கிரேக்கத் தேவதையின் சிறகைப் பார்த்துத்தான் இந்தக் கோடு வரையப்பட்டது’ என்று இணையம் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். 2016-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பான ‘ஷூ டாக்’ நூலில் நைட் சொல்லும் வரிசை வேறு. கோடு முதலில் முடிவானது, காலணிக்குப் பெயர் பிறகு வந்தது. நைட்டின் ஆசை ‘டைமென்ஷன் சிக்ஸ்’ என்ற பெயர்மேல். ‘ஃபால்கன்’ என்பதும் பரிசீலனையில் இருந்தது. ஊழியர் ஜெஃப் ஜான்சனின் தூக்கத்தில் வந்த ‘நைக்கி’தான் கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்டது. கோடு வரையப்பட்டபோது தேவதை அந்த அறையிலேயே இல்லை!

டேவிட்சன் கொண்டுவந்த வடிவங்களில் எதுவும் நைட்டின் மனதைக் கவரவில்லை. தொழிற்சாலை காத்திருந்ததால் இருப்பதில் ஒன்றை எடுத்தார், பழகப் பழகப் பிடித்துப்போகும் என்ற நம்பிக்கையில். டேவிட்சன் கணக்குக் கொடுத்தார்: பதினேழரை மணி நேரம், 35 டாலர். அன்றைய மாற்று விலையில் 262 ரூபாய் சொச்சம்.

ஆக, 35 டாலர் என்பது அந்தக் கோட்டின் விலை இல்லை, பதினேழரை மணி நேரத்தின் கூலி. தேர்வாகாத வடிவங்களுக்கும் அதில் காசு உண்டு. அண்ணாச்சி அனுப்பிய படம் மறைப்பது இதைத்தான். பிறகும் சில ஆண்டுகள், வேலை ஒரே ஆளால் தாங்க முடியாத அளவுக்கு வளரும்வரை, அவர் அதே கம்பெனிக்கு வரைந்துகொண்டிருந்தார். 1983-இல் நைட் அவரை விருந்துக்கு அழைத்து, அதே கோடு பொறித்த வைர மோதிரத்தையும் கம்பெனிப் பங்குகளையும் கொடுத்தார். பெயரில்லாமல் கோடு மட்டுமே போதும் என்ற தைரியம் கம்பெனிக்கு வந்தது 1995-இல். நடுவே இருபத்துநான்கு ஆண்டு வியாபாரம்.

இணையம் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. 2010 அக்டோபரில் கேப் என்ற துணி நிறுவனம் தன் நீலப் பெட்டி லோகோவை மாற்றியது. கேலி குவிந்தது. சரி, நீங்களே வரைந்து அனுப்புங்கள் என்று ஃபேஸ்புக்கில் மக்களைக் கேட்டது நிறுவனம். கூலியில்லாமல் வேலை வாங்கும் வழி இது என்று வடிவமைப்பாளர்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் பழைய பெட்டி திரும்பி வந்தது.

அதே ஆண்டு ஜூலையில்தான் ரூபாய்க்குக் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் பிறந்து ஐஐடி பம்பாயில் டிசைன் ஆய்வு செய்த உதயகுமாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் பரிசு. போட்டிக்கு வந்தவை 3,000-க்கும் மேல். அத்தனை பேரின் மணி நேரங்களையும் கூட்டிப் பார்த்தால், பெரும்பகுதி உழைப்புக்குக் கூலியே இல்லை. டேவிட்சனுக்காக வருந்திய என் வகுப்புத் தோழர்கள் மாதம் இரண்டு போட்டிகளுக்கு இலவசமாக வரைகிறார்கள். நானும் வரைந்திருக்கிறேன். எனக்கு நிஜமாகவே வலிப்பது இதுதான்.

மறுவாரம் அண்ணாச்சி கடைக்குப் போய், சாம்பார் பொடி பாக்கெட்டை மேசையில் வைத்து அதன்மேல் பட்டர் பேப்பரைப் போட்டேன். சீல் அடிக்கும் இடம் மேலே ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடுகிறது. பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும்போது ஒரு பாக்கெட்டின் தலையை இன்னொன்றின் அடி மறைக்கிறது. பழைய லேபிளில் கடைப் பெயர் இருந்தது சரியாக அந்த இடத்தில்.

“அதான் யாருக்கும் பேரு தெரியலியா?” என்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அண்ணாச்சி.

பதினாறு மணி நேரம், மணிக்கு 500 ரூபாய் என்று பில் எழுதிக் கொடுத்தேன். கல்லாவைத் திறந்து 5,000 எண்ணி வைத்தார்.

“மிச்சத்தைப் பொங்கலுக்குள்ள தாரேன் தம்பி. பேரை மட்டும் கீழ இறக்கிப் போட்டுரு.”