அமர்நாத் மழையில் ஒரு ஜோடி காய்ந்த துணி

பஹல்காமிலிருந்து சந்தன்வாடி வரை வண்டி போகும். அப்புறம் பனிலிங்க குகைக்குச் சுமார் 32 கிலோமீட்டர் நடைதான். பிஸ்ஸு டாப் ஏற்றத்திலேயே எங்களுக்கு மழை பிடித்துக்கொண்டது. பாதையெல்லாம் சேறு. மழைக்கோட்டு போட்டாலும் உள்ளே வியர்வையில் தெப்பம்தான்!

பெண்களுக்குப் புடவை வேண்டாம், சல்வார் கமீஸ் நல்லது என்று கோயில் வாரியமே சொல்கிறது. ஈரப் பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பாக இருக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளி உடையும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, மூட்டைக்கு நடுவில் வைத்திருந்தோம். அதை இரவில் படுக்கும்போது மட்டும்தான் போடுவது என்று கண்டிப்பு.

சேஷ்நாக் கூடாரத்தில் விடிந்ததும் நேற்றைய ஈரத்துணியையே மாட்ட வேண்டும். உடம்பெல்லாம் கூசும். "அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் காய்ஞ்சதையே போட்டுக்கறேனே" என்று நாத்தனார் கெஞ்சினாள். நான் விடவில்லை. அன்று மகாகுணாஸ் கணவாய், சுமார் 14,000 அடி உயரம். அங்கும் மழை. பஞ்சதரணிக்குப் பல் கிட்டிப்போய் வந்து சேர்ந்தவளை அந்தக் காய்ந்த துணிதான் காப்பாற்றியது.

1996 ஆகஸ்டில் இந்த யாத்திரையில் மழையிலும் பனியிலும் சிக்கி 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் விளையாட்டில்லை. போகிற சகோதரிகளே, தின்பண்டம் குறைந்தாலும் பரவாயில்லை. அந்த ஒரு ஜோடி மட்டும் நனையவே கூடாது.